ஜனநாயகத்தைக் காணவில்லை

அத்தியாயம் நான்கு

துப்பறிவாளர் பூதக்கண்ணாடி எத்தனையோ பேரிடம் வாக்குமூலம் வாங்கியிருக்கிறார். ஆனால் மல்லாந்து படுத்து, வாயைப் பிளந்து, கன்னத்துக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு வாங்கியது இதுதான் முதல் தடவை.

"ஆ காட்டுங்க. இன்னும் கொஞ்சம் பெரிசா. ஆங், அப்படித்தான்," என்றார் பல் டாக்டரம்மா. "எங்க குழுவுல எழுதறதெல்லாம் காணாமப் போகுது சார். சத்தியமா நான் நீக்கல."

"ஆழ் ஈக்கிநா?" என்றார் பூதக்கண்ணாடி.

"பின்ன யார் நீக்கினான்னு கேக்கறார்," என்று மொழிபெயர்த்தாள் கத்திரி.

கத்திரி அவருடைய உதவியாளர். வீட்டுக் கணக்கில் மச்சினி, மனைவியின் தங்கை. அவர் வாயைத் திறந்தால் நடுவில் வெட்டுவாள் என்பதால் அந்தப் பெயர். அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வந்தது மூக்கில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடியின் தடிமனால். துப்பறியும் திறமையால் என்று வெளியில் சொல்லிக்கொள்வார். கேஸ் எதுவும் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில்தான் கடைவாய்ப் பல் கெட்டது என்பது கத்திரியின் வாதம். அந்தப் பல்லைக் காட்ட வந்த இடத்தில்தான் இந்த கேஸ் கிடைத்தது. இதை விளம்பரத்திலா போட முடியும்?

டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னார். அக்கம்பக்கத்துக்காரர்களுக்காக அவரும் அவர் தம்பியும் சேர்ந்து 'தெருமுனை' என்று ஓர் இணையக் குழு ஆரம்பித்தார்கள். தண்ணீர் எப்போது வரும், குழாய் ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. தேர்தல் வந்ததும் போச்சு. பாதிப் பேர் குடைக் கட்சி, மீதிப் பேர் ஏணிக் கட்சி. குழாய் ரிப்பேர்க்காரரைக்கூட எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் விட்டார்கள். இப்போது என்னவென்றால், குடைக்காரர்கள் எழுதுவது மட்டும் போட்ட கொஞ்ச நேரத்தில் மாயமாகிவிடுகிறது. அந்த இடத்தில் 'நிர்வாகி நீக்கிவிட்டார்' என்று ஒரு வரிதான் மிச்சம்.

"நிர்வாகின்னா நானும் தம்பியும்தான் சார். நான் எந்தப் பக்கமும் இல்ல. அவன் ஏணி. நான் நீக்கலன்னா அவன்தானே?"

"அவர் என்ன சொல்றார்?" என்று கேட்டாள் கத்திரி.

"நீதான் நீக்கற, பழியை என்மேல போடறன்னு சொல்றான். என்னைப் பார்த்து! முதல்முதல்ல ஆடின அவன் பல்லைப் பிடுங்கினவளே நான்தான். அந்தத் தைரியத்துலதான் இந்தப் படிப்புக்கே போனேன்." டாக்டரம்மாவின் குரல் உடைந்தது. கையிலிருந்த கருவி மட்டும் பூதக்கண்ணாடியின் வாயை விட்டு வெளியே வரவில்லை. "நான் கீழ் வீடு, அவன் மாடி. நடுவுல இருக்கற படிக் கதவை நானே பூட்டிட்டேன். யாருன்னு இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குச் சொல்றதா குழுவுல வாக்குக் குடுத்திருக்கேன். அவன் பேரை எழுதிட்டா அப்புறம் அந்தக் கதவு திறக்கவே திறக்காது சார்."

பூதக்கண்ணாடிக்கு நெஞ்சு கனத்தது. கூடவே கண்ணை இறுக மூடிக்கொண்டார். அதற்கு வேறு காரணம் உண்டு. டாக்டரம்மாவுக்கும் தெரியாத, கத்திரிக்கும் தெரியாத ஒரு ரகசியத்தை வாசகருக்கு மட்டும் சொல்லிவிடலாம்.

அவரும் தெருமுனையில் இருக்கிறார், சொந்தப் பெயரில் அல்ல. அங்கே அவர் பெயர் 'நடுநிலைச் சிங்கம்'. குடைக்காரர்களுக்கு ஏணியின் நியாயத்தையும், ஏணிக்காரர்களுக்குக் குடையின் நியாயத்தையும் நீள நீளமாக எடுத்துச் சொல்வார். ரெண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வார். அப்படி ஒருநாள் 'குடைமிளகாய்' என்ற பெயரில் ஒளிந்திருந்த யாரோ, "சிங்கமாம் சிங்கம், போடா நாயே" என்று எழுதிவிட்டார்கள். அன்றைக்கு மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. குழுவின் புகார் எண்ணுக்குக் குரலை மாற்றிப் போன் போட்டு, மன்றாடி, அந்த வசவே குழுவில் தலைகாட்டாதபடி செய்த பிறகுதான் தூங்கினார். பொதுவாழ்வில் அவர் சாதித்தது அது ஒன்றுதான். அதையும் யாரிடமும் பீற்றிக்கொள்ள முடியவில்லையே என்பது தனி வருத்தம்.

"பல்லைப் பிடுங்கியே ஆகணும்," என்றார் டாக்டரம்மா.

பூதக்கண்ணாடி பஞ்சைத் துப்பிவிட்டு நாற்காலியிலிருந்து குதித்தார். "முதல்ல உங்க கேஸ் முடியட்டும்மா. என் பல் எங்க போயிடப் போகுது?"

"பயம்," என்றாள் கத்திரி.

காணாமல் போன பதிவுகளைப் படம் பிடித்து வைத்திருந்தவர்கள் அதை டாக்டரம்மாவுக்கு அனுப்பியிருந்தார்கள். கத்திரி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். "ஜனநாயகம் வெல்லும்! குடை. ஜனநாயகம் காப்போம்! குடை. ஐயோ, இது ஜனநாயகப் படுகொலை! இதுவும் குடை. பாவம், படுகொலைன்னு கத்தினதையும் படுகொலை பண்ணியிருக்காங்க." விரல் சட்டென்று நின்றது. "மாமா, இதைப் பாருங்க. நாய்க்குட்டியைக் காணோம்னு ஒரு அம்மா போட்டிருக்காங்க. இதுவும் போயிடுச்சு."

"அவங்க தையல் கடை வச்சிருக்காங்க," என்றார் டாக்டரம்மா. "ஏணிக் கட்சி. கடை வாசல்ல ஏணிக் கொடி பறக்கும்."

பூதக்கண்ணாடி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஏணிக்காரங்க பதிவை ஏணிக்காரரான தம்பி எதுக்கு நீக்கணும்? கிளம்பு கத்திரி. குற்றவாளிக்குச் சந்து விடக்கூடாது!"

சந்து விடக்கூடாது என்பது அவருடைய தாரக மந்திரம். மளிகைக் கடையில் பாக்கிச் சில்லறை கேட்கும்போதுகூட அதைச் சொல்வார்.

தையல் கடையில் காலை வைக்க இடமில்லை. வெட்டின துணி ஒரு பக்கம், வெட்டாத துணி ஒரு பக்கம், நடுவில் மெஷினை மிதித்துக்கொண்டு தையல்காரம்மா. பழுப்பு நிற நாய்க்குட்டி ஒன்று மூலையில் மெத்தை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

"கிடைச்சிடுச்சா?" என்று கேட்டார் பூதக்கண்ணாடி.

"கிடைச்சிடுச்சு, ஆனா என்னை என்ன பாடு படுத்திட்டானுங்க தெரியுமா? 'என் நாய்க்குட்டியைக் காணோம்'னு போட்டேன், காணோம். திரும்பப் போட்டேன், அதையும் காணோம். குட்டியைத் தேடறதா, பதிவைத் தேடறதா? கடைசியில வெறுத்துப்போய், 'காதுல வெள்ளை விழுந்த பழுப்புக் குட்டி, பார்த்தவங்க கூப்பிடுங்க'ன்னு போட்டேன். அது மட்டும் நின்னுச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் பக்கத்துத் தெரு பேக்கரிக்காரர் தூக்கிட்டு வந்தார்."

"நாய்னா தூக்கறாங்க, குட்டின்னா விட்டுடறாங்க," என்று கத்திரி முணுமுணுத்தாள்.

பூதக்கண்ணாடி ஆள்காட்டி விரலை உயர்த்தினார். "புரிஞ்சு போச்சு. குற்றவாளிக்கு நாய்னா பயம்! சின்ன வயசுல கடி வாங்கியிருக்கணும்."

"அப்ப குடைக்காரங்க எழுதினது ஏன் போச்சு? அவங்களும் கடிச்சாங்களா?"

அவர் உயர்த்திய விரலால் காதைக் குடைந்துகொண்டார். பேச்சை மாற்ற மூலையைப் பார்த்தார். "மெத்தை நல்லா இருக்கே. நீங்க தச்சதா?"

தையல்காரம்மாவின் முகம் மலர்ந்தது. "குடைக்காரங்க பேனர் சார் அது. காத்துல அறுந்து கடைமேல விழுந்துச்சு. துணி நல்ல துணி, கட்சிதான் மட்டம். 'ஜனநாயகம் வெல்லும்'னு கொட்டை எழுத்துல இருந்துச்சா, எங்க வெட்டணுமோ அங்க வெட்டினேன். படிச்சுப் பாருங்க."

பூதக்கண்ணாடி குனிந்து படித்தார். 'நாயக' என்று இருந்தது. 'க'வின் மேல் குட்டி தன் பின்பக்கத்தை வைத்துப் படுத்திருந்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, பல்வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். கேஸின் விடை கண்ணெதிரே கொட்டை எழுத்தில் படுத்திருந்தது. சிரிப்பில் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்த துப்பறிவாளர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். அவரைப் பிடிக்க வேண்டுமென்றால் ஓடுகிற காரில்தான் பிடிக்க முடியும். இருவரும் பின் சீட்டில் ஏறிக்கொண்டார்கள். ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி ஒரு வங்கி மேலாளர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டிக்கொண்டிருந்தார் என்பது மரியாதைக்காகச் சொல்வது.

"உங்களை எப்பவாவது நாய் கடிச்சிருக்கா?" என்று ஆரம்பித்தார் பூதக்கண்ணாடி.

"இல்லையே. ஏன் சார்?"

"கெண்டைக்காலைக் கொஞ்சம் காட்ட முடியுமா?"

"மாமா, போதும்," என்று வெட்டினாள் கத்திரி. "சார், குழுவுல யாரும் கை வைக்காம, கம்ப்யூட்டரே எதையாவது நீக்குமா?"

"கெட்ட வார்த்தை வடிகட்டின்னு ஒண்ணு இருக்கு. நாம சொல்லி வச்ச எழுத்து எங்க இருந்தாலும் அந்தப் பதிவைத் தூக்கிடும். அப்பப்ப வந்து ஒரு சுத்து சுத்திட்டுப் போகும். அதை நான் பார்க்காம இருப்பேனா? குடைன்னு இல்ல, ஏணின்னு இல்ல, அரசியல் வார்த்தை ஒண்ணுகூட அதுல இல்ல. எல்லாம் வெறும் வசவு. கழுதை, எருமை, குரங்கு, நாய…"

"நாய்," என்று திருத்தினார் பூதக்கண்ணாடி. தமிழில் அவர் கொஞ்சம் கறார்.

"நாய் இல்ல சார், நாய. புள்ளி கிடையாது." எதிரே ஒரு சைக்கிள் வந்தது. தம்பி தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தார். எல்லோரும் முன்னால் போய்த் திரும்பி வந்தார்கள்.

வங்கி மேலாளருக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் குடைக் கட்சி. "நானே நிறுத்தியிருப்பேன் சார். அதுக்குள்ள நீங்க மிதிச்சா என்ன அர்த்தம்? இது ஜனநாயகப் படுகொலை இல்லாம வேற என்ன?"

ஜனநாயகம். பூதக்கண்ணாடியின் மண்டைக்குள் தையல்காரம்மாவின் கத்தரிக்கோல் நறுக்கென்று விழுந்தது. இங்கே ஒரு வெட்டு, அங்கே ஒரு வெட்டு. நடுவில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது நாய!

"வண்டியை நிறுத்துங்க!" என்று கத்தினார்.

"நின்னுதான் சார் இருக்கு," என்றார் தம்பி.

"ஜன, நாய, கம்! ஜனநாயகத்துக்குள்ள நாய் உட்கார்ந்திருக்கு! குடைக்காரங்க மூச்சுக்கு மூச்சு ஜனநாயகம்னு எழுதறாங்க, போயிடுது. உங்க ஏணிக்காரங்க மக்களாட்சின்னு எழுதறாங்க, நிக்குது. நாய்க்குட்டி போச்சு, வெறும் குட்டி நின்னுச்சு. உங்க அக்காவும் நீக்கல, நீங்களும் நீக்கல. வடிகட்டி நீக்கியிருக்கு!"

தம்பி திரும்பிப் பார்த்தபோது கண் கலங்கியிருந்தது. "ஐயோ, அக்காவைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேனே. உன் புத்தியே அவ்வளவுதான்னு கேட்டுட்டேன் சார்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். உடனே கோபம் வந்தது. "எல்லாம் அந்தக் கடங்காரனால வந்தது!"

"எந்தக் கடங்காரன்?" என்று கத்திரி ஆவலோடு முன்னால் நகர்ந்தாள்.

"நடுநிலைச் சிங்கம்னு ஒருத்தன். என்னை நாயேன்னுட்டாங்கன்னு புகார் எண்ணுக்குப் போன் போட்டு ஒரே அழுகை. நான் நாய்னு போட்டுக் காட்டினா ஒத்துக்கல. 'நாயேன்னா தப்பிச்சுடுவான், நாயைன்னா தப்பிச்சுடுவான், புள்ளியை எடுத்துட்டு நாயன்னு போடுங்க, எல்லாம் மாட்டும். குற்றவாளிக்குச் சந்து விடக்கூடாது தம்பி'ங்கறான். தொல்லை விட்டாப் போதும்னு போட்டுத் தொலைச்சேன். அன்னிக்கே மறந்தும் போயிட்டேன்."

காருக்குள் வங்கி மேலாளர் கியரைத் தேடும் சத்தம் மட்டும் கேட்டது.

கத்திரி மெதுவாகத் தலையைத் திருப்பினாள். பூதக்கண்ணாடி ஜன்னல் வழியாக வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு சுவர்தான் இருந்தது.

"சந்துன்னா சொன்னான்?" என்று இனிமையாகக் கேட்டாள். "அந்தச் சிங்கம் எப்படி இருக்கும் மாமா? நீங்க என்ன நினைக்கறீங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். குரல் கீச்சென்று வந்தது.

"அவனை எப்படியாவது பிடிச்சுக் கொண்டு வாங்க சார்," என்றார் தம்பி. "வடிகட்டி, புள்ளின்னு நான் போய்ச் சொன்னா அக்கா சாக்குன்னுதான் சொல்லுவா. கதவைத் திறக்க மாட்டா. அவன் வாயால ஒத்துக்கணும், அக்கா காதால கேக்கணும்."

இறங்கி நடக்கும்போது பூதக்கண்ணாடி மனசுக்குள் கணக்குப் போட்டார். பழியை மொத்தமாக வடிகட்டிமேல் போடலாம். வடிகட்டிக்கு மானமும் இல்லை, மச்சினியும் இல்லை. சிங்கம் ஊரைவிட்டே போய்விட்டது என்று சொல்லிவிடலாம். பெயர் கெடாது, விளம்பரத்தில் 'அரசியல் சதி முறியடிப்பு' என்றே போட்டுக்கொள்ளலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி வீட்டின் முன்னறையில்தான் இருந்தது. கத்திரியும் தம்பியும் தெருப்பக்கமாக உள்ளே போனார்கள். பக்கவாட்டில் மாடிக்குப் போகும் படி, அதற்கொரு பச்சைக் கதவு. புதுப்பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டுக்குக் கீழே, கதவின் அடிப்பக்கத்தில், சின்னப்பிள்ளை உயரத்தில் 'அக்கா வீடு' என்று ஆணியால் கீறியிருந்தது. பழைய கீறல், மேலே அடித்த பெயிண்டையும் மீறித் தெரிந்தது. பூதக்கண்ணாடி அதைக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். தன்னை ஒருவன் நாயே என்று சொன்னதற்காக ஒரு வீட்டையே இரண்டாக்கிவிட்டோமே என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஆறு மணிக்கு டாக்டரம்மா ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். குழுவில் "யாரு? யாரு?" என்று கேள்விகள் குவிந்துகொண்டிருந்தன.

பூதக்கண்ணாடி எவர்சில்வர் தட்டை எடுத்து நீட்டினார். "ரெண்டு பேரும் போனை இதுல வைங்க. கையை நான் பார்க்கற மாதிரி மடியில வச்சுக்குங்க. யாரும் எதையும் தொடக்கூடாது." அக்காவின் போனும் தம்பியின் போனும் இடுக்கிகளுக்கு நடுவில் படுத்தன. கத்திரியின் போனும் தானாக வந்து விழுந்தது.

பிறகு தன் போனை எடுத்தார். ஒரு வரி எழுதினார். அனுப்புமுன் சத்தமாகப் படித்தார்.

"'உங்கள் ஜனநாயகத்தைக் காணாமல் அடித்தவன் நான்தான். நடுநிலைச் சிங்கம்.'"

"சிங்கத்தைப் பிடிச்சிட்டீங்களா? எங்க அவன்?" என்று தம்பி வாசலைப் பார்த்தார்.

"இங்கதான் நிக்கறான்," என்றார் பூதக்கண்ணாடி. "நான்தான்மா. என்னை நாயேன்னு சொல்லிட்டாங்கன்னு உங்க தம்பி உயிரை எடுத்தேன். அவர்மேல ஒரு தப்பும் இல்ல. பாருங்க, இப்பப் போடறேன்." அழுத்தினார்.

குழு பொங்கியது. குடைக்காரர்கள் திட்டினார்கள், ஏணிக்காரர்கள் திட்டினார்கள். தேர்தல் வந்த நாளிலிருந்து இரண்டு கட்சியும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். "ரெண்டு பக்கமும் நியாயம் பேசினவன்தானே இவன், அப்பவே நினைச்சேன்" என்று தையல்காரம்மா எழுதினார். எங்கிருந்தோ வங்கி மேலாளர் அதை ஆமோதித்தார்.

நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்னத் திரையையே பார்த்தார்கள். பதிவு நின்றது. இன்னும் நின்றது. டாக்டரம்மாவின் முகம் இறுகியது. பூதக்கண்ணாடிக்கு முதுகில் வேர்த்தது. வடிகட்டியும் தன்னைக் கைவிட்டுவிட்டால் என்ன செய்வது என்று அவருக்கு விளங்கவில்லை.

பொசுக்கென்று போனது. 'நிர்வாகி நீக்கிவிட்டார்.'

டாக்டரம்மா தன் மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்தார். தம்பியின் கைகளைப் பார்த்தார். தட்டில் கிடந்த போன்களைப் பார்த்தார்.

"டேய்," என்றார். தம்பி சிறுபிள்ளைபோல மூக்கை உறிஞ்சினார். "நீ நீக்கலையாடா?"

"நீயும் நீக்கலையாக்கா?"

அவ்வளவுதான். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். டாக்டரம்மா இடுப்பிலிருந்த சாவியை எடுத்துத் தம்பியின் கையில் அழுத்தினார். "கதவை அப்புறம் திறந்துக்கலாம். முதல்ல அந்த நாயை வெளிய அனுப்புடா."

பூதக்கண்ணாடி தலையைக் குனிந்தபடி தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உங்களைச் சொல்லல சார். வடிகட்டியில இருக்கறதைச் சொன்னேன்," என்றார் டாக்டரம்மா. கண்ணைத் துடைத்துக் கையுறையை மாட்டினார். "நீங்க எங்க போறீங்க? கேஸ் முடிஞ்சதும் பல்லுன்னு வாக்குக் குடுத்தீங்களே. படுங்க. டேய், அவர் தோளை அழுத்திப் பிடிச்சுக்கோ. சந்து விடாதே."

தம்பி பிடித்த பிடியில் பழைய பாக்கியும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. விளக்கு முகத்தில் விழுந்தது. பஞ்சு உள்ளே போனது. அவர் இனி பேச முடியாது என்று உறுதியான பிறகு கத்திரி காதருகே குனிந்தாள்.

"மாமா, அன்னிக்கு நாயேன்னு எழுதின குடைமிளகாய் இருக்கே, அது நான்தான். சிங்கம் நீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பூதக்கண்ணாடி தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாகக் கர்ஜித்தார்.

"ஆங், அப்படித்தான் சிங்கம்," என்றார் டாக்டரம்மா. "இன்னும் கொஞ்சம் பெரிசா."